முன்னூற்று நாற்பதுக்குப் பிறகு

பிப்ரவரி 3

அவர் போய் நாற்பத்தோரு நாள் ஆகிறது. இன்று காலை கம்பெனி ஆள் திவாகர் வந்து அந்தப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார். பார்க்க டிபன் டப்பா அளவுதான் இருக்கிறது. டிவி பக்கத்தில் வைக்கச் சொன்னார். நான் சாப்பாட்டு மேஜையில் என் வீட்டுக்காரர் உட்காருகிற பக்கம் வைத்தேன்.

இந்த டைரி ஒரு வக்கீல் கொடுத்தது. சாத்தூர் கோர்ட்டில் முப்பத்தொரு வருடம் தட்டச்சராக இருந்தேன். ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் ஜனவரி பிறந்தால் எப்படியோ ஒரு டைரி வந்துவிடுகிறது. இதுவரை பால் கணக்குக்கூட எழுதியதில்லை. இந்த வருடம் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருக்கிறது.

விவரம் இதுதான். என் வீட்டுக்காரர் கோதண்டம், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் வியாதி வந்தது. முதலில் கை, பிறகு கால், பிறகு நாக்கு. கடைசி ஏழு மாதம் கண்ணிமை மட்டும்தான் அசைந்தது. மனிதரின் மனதைப் பதிந்து வைத்துத் தருகிற கம்பெனி ஒன்று மதுரையில் இருப்பதை அவரேதான் பேப்பரில் பார்த்தார். “நான் போயிட்டா மோட்டார் எப்பப் போடணும்னுகூட உனக்குத் தெரியாது” என்றார். மொத்தம் தொள்ளாயிரம் கேள்விகள். முன்னூற்று நாற்பது வரைக்கும் வாயாலேயே பதில் சொன்னார். குரலும் பதிவானது. அதற்குப் பிறகு நான் கேள்வியை வாசிப்பேன். ஒரு தடவை இமைத்தால் ஆமாம், இரண்டு தடவை இமைத்தால் இல்லை. பதிலைத் தட்டச்சு செய்து அனுப்பியது நான். எல்லாம் அவர் சொன்னதுதான்.

திவாகர் பொத்தானை அழுத்தியதும், “வேலு, மோட்டார் போட்டியா?” என்றது. அதே குரல், அதே அதட்டல். என் பெயர் வேலுத்தாய். அதைப் பாதியாக வெட்டிக் கூப்பிட்டவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். ஓடிப்போய் மோட்டாரைப் போட்டேன். தொட்டி ஏற்கனவே நிறைந்துதான் இருந்தது. மாடியில் தண்ணீர் கொட்டி, காயப்போட்ட வற்றல் அத்தனையும் நனைந்து போயிற்று.

பிப்ரவரி 5

கேஸ் சிலிண்டர் வந்தது. அவர் படத்துக்கு மாலை போடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. வாங்கி வந்த கதம்பம் ஃபிரிட்ஜில் இருக்கிறது.

பிப்ரவரி 8

அச்சு அசலாக அவர்தான். காய்காரியிடம் பேரம் பேசாமல் வாங்கியதற்கு ஒரு திட்டு. கேட்டைத் தாழ்ப்பாள் போடாததற்கு ஒரு திட்டு. மின்கம்பத்தில் ஏறுகிறவன் இடுப்பில் கயிறு கட்டாததைப் பற்றி அரைமணி நேரம் பேச்சு. நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே உம் கொட்டினேன். உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான் உம் கொட்டுவேன்.

சாயங்காலம் அவரே, “நீ சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்த வாயிலிருந்து வராத கேள்வி அது. நோய் எந்த மனிதரையும் கொஞ்சம் பக்குவப்படுத்திவிடும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 14

சுகந்தியைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். எங்களுக்கு ஒரே பெண். மதுரையில் நர்ஸாக இருக்கிறாள். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஜெரோம் என்கிற பையனை அவளாகவே பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். வேறு சாதி, வேறு மதம். செய்தி வந்ததும் இவர் எழுந்தார். வாசல் குழாயடிக்குப் போனார். உடுத்திய வேட்டியோடு மூன்று வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். செத்தவர்களுக்குச் செய்வதை உயிரோடு இருக்கிற பிள்ளைக்குச் செய்தார். நான் அப்போது அடுப்படியில் இருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. இவர் செத்த அன்றைக்கு வந்தாள். தெருவோடு நின்று பார்த்துவிட்டுப் போனாள். உள்ளே விடவில்லை. யார் விடவில்லை என்று இப்போது கிளறி என்ன ஆகப்போகிறது.

இன்று காபி குடிக்கும்போது அவர் சொன்னார்: “வேலு, சுகந்தியைக் கூப்பிடு. நான் அவகிட்டப் பேசணும்.”

கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். “அப்பாவா சொன்னாக?” என்று கேட்டாள். “அப்பாதான் சொன்னாக” என்றேன்.

பிப்ரவரி 22

சுகந்தி வந்தாள். இளைத்திருக்கிறாள். காதோரம் நரைத்திருக்கிறது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தாள். சொந்த வீட்டில்!

பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, “அப்பா” என்றாள்.

“வாம்மா. பஸ்ல உக்கார எடம் கெடச்சதா?” என்றார். பிறகு, “நான் பண்ணுனது தப்பும்மா. பெத்த பிள்ளைக்குத் தலை முழுகுனவன், அப்புறம் எத்தனை தடவை குளிச்சாலும் சுத்தமாக மாட்டான். பதினொரு வருசமா தினமும் உன்னை நெனச்சேன். கூப்பிட வாய் வரல” என்றார்.

அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அழுவாளே, அந்த அழுகை. “பரவால்லப்பா, பரவால்லப்பா, எல்லாம் முடிஞ்சு போச்சு” என்று அவரைத் தேற்றினாள். நான் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். நான்கு அப்பளம் கருகிவிட்டது.

சாப்பிடும்போது கேட்டாள். “அப்பா இவ்வளவு நல்லாப் பேசுவாகளாம்மா? எனக்குத் தெரியாமப் போச்சே.”

“பேசத் தெரியாதவுகளா என்ன” என்றேன்.

மார்ச் 1

இந்த வாரம் பேத்தியையும் கூட்டி வந்தாள். பெயர் அனிட்டா. எட்டு வயது. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, “தாத்தா செத்துட்டாங்கதானே? அப்ப இது யாரு?” என்று கேட்டாள். சுகந்தி அவள் வாயைப் பொத்தினாள். அவர் சிரித்தார். “எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்குத்தா. நீ வாய்ப்பாடு சொல்லு, சரியா தப்பான்னு சொல்றேன். அத வச்சு நீயே முடிவு பண்ணிக்க” என்றார். எட்டாம் வாய்ப்பாட்டைப் படித்துவந்து ஒப்பிப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

கிளம்பும்போது சுகந்தி சொன்னாள்: “நாலஞ்சு வருசமா மாத்திரை போட்டாத்தாம்மா தூக்கம் வரும். போன வாரத்துல இருந்து போடல.”

நான் அவளுக்கு முருங்கைக்கீரை பறித்துக் கொடுத்தேன்.

மார்ச் 4

திவாகர் மாதாந்தரப் பரிசோதனைக்கு வந்தார். மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே தாடையைச் சொறிந்தார்.

“முன்னூத்து நாப்பது வரைக்கும் சார் பதிலெல்லாம் அஞ்சு வார்த்தை, ஆறு வார்த்தைம்மா. அதுக்கப்புறம் பக்கம் பக்கமா இருக்கு. கண்ண இமைச்சு இவ்வளவு சொல்ல முடியுமா?”

நான் அவருக்குக் கோர்ட் நடைமுறையைச் சொன்னேன். சாட்சி கூண்டில் நின்று, “ஆமாங்கய்யா, அவன்தான் அடிச்சான்” என்பான். ஜட்ஜ் அதை, “நான் சம்பவத்தன்று மேற்படி இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்” என்று சொல்லச்சொல்ல நாங்கள் டைப் அடிப்போம். சாட்சிக்கு அந்தத் தமிழ் வராது. ஆனாலும் அது அவன் வாக்குமூலம்தான். அடிக்கிற ‘நான்’ என்றைக்கும் நம்முடையது இல்லை. முப்பத்தொரு வருடத்தில் எத்தனை ஆயிரம் ‘நான்’ அடித்திருப்பேன்! கொலைகாரன் நான், கற்பழிக்கப்பட்டவள் நான், வாய்க்கால் தகராறில் மண்டை உடைந்தவன் நான்.

“அடிச்சு முடிச்சதும் சாட்சிக்குப் படிச்சுக் காட்டுவீங்கல்ல?” என்றார்.

“கட்டாயம். படிச்சுக் காட்டி, சரின்னு அவன் ஒத்துக்கிட்டாத்தான் கையெழுத்து.”

“சாருக்குப் படிச்சுக் காட்டினீங்களாம்மா?”

காபியில் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்டேன்.

மார்ச் 8

மத்தியானம் கண் அசந்திருந்தேன். அவர் கூப்பிட்டார்.

“வேலு, முப்பத்தாறு வருசத்துல உன்ன ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னதில்ல. எனக்கு எல்லாம் செஞ்சது நீதான். பீ மூத்திரம் அள்ளுனதுகூடப் பெருசில்ல. நான் எரிஞ்சு விழுந்தப்பல்லாம் பேசாம இருந்த பாரு, அதுக்கு நான் உன் கையப் பிடிச்சு அழுதிருக்கணும்.”

எந்தப் பெண்ணுக்கும் கேட்கக் கிடைக்காத வார்த்தைகள். துண்டை எடுத்துப் பெட்டியை மூடிவிட்டேன்.

அறுநூற்றுப் பதினொன்றாவது கேள்வி அது. ‘உங்கள் மனைவியிடம் நீங்கள் சொல்லாமல் விட்டது என்ன?’ அவர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. நானே அடித்தேன். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல் அடித்தேன்.

மார்ச் 11

ஒன்றை எழுதினால் மிச்சத்தையும் எழுதத்தான் வேண்டும்.

ஐந்நூற்று எண்பத்தேழு. ‘நீங்கள் மன்னிக்காத யாராவது உண்டா? இப்போது மன்னிக்க விரும்புகிறீர்களா?’ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். சுகந்தி பெயரைச் சொல்லி, “மன்னிச்சிட்டேன்னு போடட்டுமா?” என்று கேட்டேன். இரண்டு தடவை இமைத்தார். சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடியும் கேட்டேன். இரண்டு தடவை. மூன்றாம் முறை கேட்டபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நான் எழுந்து வெளியே போகும்வரை திறக்கவில்லை. கண்ணோரம் ஈரமாக இருந்தது. ஆனால் அந்த நோயில் அவர் கண் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். அதற்குச் சொட்டு மருந்து வேறு விட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஈரத்துக்கு அர்த்தம் சொல்ல என்னால் முடியாது.

அன்று ராமர் கோயில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. நான் மேஜைக்குப் போய் ஒரு பக்கம் அடித்தேன். ‘பெற்ற பிள்ளைக்குத் தலைமுழுகியவன்’ என்று தொடங்கியது.

மார்ச் 12

அவரிடம் சொல்லிவிட்டேன். துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, முன்னூற்று நாற்பதில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். உயிரோடு இருந்தவர் ஒருநாளும் குறுக்கே பேசாமல் கேட்டதில்லை.

“அப்ப மிச்சமெல்லாம் நீயா?”

“எல்லாம் இல்லீங்க. ஒரு நூத்தம்பது, நூத்தறுபது இருக்கும்.”

“சுகந்தி மேல கோபம் எங்கயாவது கெடக்கான்னு தேடித் தேடிப் பாக்குறேன் வேலு. இல்ல. அவ நெனப்பு வந்தா நெஞ்சு அடைக்குது. அது பொய்யா?”

“பொய்னு எப்படிச் சொல்ல? என் நெஞ்சு அடைச்சது உண்மைதானே.”

“அப்ப நான் யாரு?”

தெரியாத கேள்விக்கெல்லாம் பதில் அடித்து அனுப்பியவள், இதற்கு மடித்த துண்டைப் பிரித்து மறுபடியும் மடித்தேன்.

பிறகு அவரே சொன்னார். “அவளுக்குத் தெரியணும். நான் சொன்னா அழகாச் சொல்லி அவள அழ வச்சிருவேன். நீ சொல்லு.”

மார்ச் 15

சுகந்தியிடம் சொன்னேன். அனிட்டாவைக் கூட்டி வராதது நல்லதாய்ப் போயிற்று.

முதலில் சிரித்தாள். பிறகு முகம் வெளுத்தது. “மூணு தடவை கேட்டியா? மூணு தடவையும் இல்லைன்னாகளா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

“அப்ப எங்கிட்ட மன்னிப்புக் கேட்டது யாரு? நீயா?”

“உன் நல்லதுக்குத்தான்டி...”

“உனக்கு வாய் இல்லையாம்மா? பதினொரு வருசம்! ஒரு போன் பண்ணி, ‘தப்பு பண்ணிட்டோம் வாடி’ன்னு சொல்ல முடியல. அதுக்குக்கூட அப்பா வாய் வேணும். அப்பா செத்தும் வேணும். சின்னப் பிள்ளையில இருந்து அதேதான். ‘அப்பா திட்டுவாக, அப்பா வேணாம்னாக, அப்பா சரின்னுட்டாக.’ நீ என்ன சொல்றன்னு இந்த வீட்டுல ஒருநாளாச்சும் கேட்டிருக்கேனா?”

நான் அவளுக்குச் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தேன்.

“அன்னிக்குக் குழாயடியில நீயும்தான் தலையில ஊத்திக்கிட்ட. எதிர்வீட்டு அக்கா அன்னிக்கே போன்ல சொல்லிருச்சு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 16

உண்மைதான். அவர் போதும் என்று வாளியை வைத்த பிறகு நானாக எடுத்து ஊற்றிக்கொண்டேன். அவர் என்னை ஊற்றச் சொல்லவில்லை. எதிர்வீட்டு மாடியில் ஆள் நின்றது, அது பார்க்கட்டும் என்று ஊற்றினேன். அவர் செத்த அன்றைக்கு, “மகளை உள்ள விடலாமா?” என்று கொழுந்தனார் என்னிடம்தான் கேட்டார். “அவுக மனசு அறிஞ்சு செய்யுங்க” என்றேன். செத்துக் கிடந்தவர் பெயரைச் சொல்லித் தப்பித்தேன்.

இந்த டைரியில் போன மாதம் அடுப்படியில் இருந்ததாக எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தவில்லை, கிடக்கட்டும்.

மார்ச் 23

சுகந்தி போன் செய்தாள். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. “நீ எழுதினதை எல்லாம் எடுக்கச் சொல்லு. அப்பா என்ன சொன்னாகளோ அது மட்டும் இருக்கட்டும். என்னைத் திட்டினாலும் பரவால்ல. எனக்கு எங்கப்பா வேணும்” என்றாள்.

சரி என்றேன்.

மார்ச் 28

திவாகர் பதினொரு மணிக்கு வந்தார். நூற்று ஐம்பத்தெட்டுப் பதில்களை நானே எண் போட்டு எழுதிக் கொடுத்தேன். “எடுத்துட்டா இப்ப இருக்கிறவுக எங்க போவாக?” என்று கேட்டேன். “எங்கயும் போக மாட்டாங்கம்மா. அழிஞ்சிரும். புதுசா வேற ஒண்ணு எழும்பும்” என்றார். நல்ல பிள்ளை. பேசிவிட்டு வாருங்கள் என்று வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

“பயமா இருக்காங்க?” என்று கேட்டேன்.

“இருக்கு. உனக்குப் பயம் வந்தா எப்படி வருமோ, அப்படித்தான் வருது போல. நீ எழுதுன ஆளுதானே” என்றார். “அனிட்டா எட்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வருவா. நான் கேட்டேன்னு சொல்லு.”

“சொல்றேங்க.”

“நீ சாப்பிட்டுப் படு வேலு.”

கூப்பிடப் போனால் திவாகர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை முடிய இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

என் வீட்டுக்காரர் செத்தபோது பந்தல் போட்டோம், பதினாறாம் நாள் செய்தோம், ஊரே வந்தது. இன்றைக்கும் ஒருவர் போயிருக்கிறார். அவருக்குப் பிறந்த நாளும் இல்லை, ஊரும் இல்லை. என் மனதைக் கொண்டு அவர் குரலில் ஐம்பத்து மூன்று நாள் இருந்தார். என்னிடம், சாப்பிட்டாயா என்று கேட்ட ஒரே ஆண்பிள்ளை அவர்தான். மத்தியானம் உலை வைக்கவில்லை. வாய்விட்டு அழுதேன். கேட்டால் யாருக்காக என்று சொல்வது?

மார்ச் 30

காலையில், “வேலு, காபி ஆறிப்போச்சு” என்றது. குடிக்க வாயில்லாத பெட்டி. நான் சூடாக ஒரு டம்ளர் போட்டுப் பக்கத்தில் வைத்தேன்.

ஏப்ரல் 5

சுகந்தி வந்தாள். என்னிடம் பேசாமல் நேரே போய்ப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“அப்பா, நான் சுகந்தி வந்திருக்கேன்.”

பதில் இல்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். இரண்டாம் முறை கூப்பிட்டாள். “வேலு, யாரோ வந்திருக்காக போல. என்னன்னு கேட்டு அனுப்பு” என்றது.

சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டும் இருந்தாள். “அப்பாதாம்மா. இது எங்கப்பாவேதான்” என்றாள். எனக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. நூற்று ஐம்பத்தெட்டுப் பதிலை வெட்டி எடுத்த பிறகு நிற்கிற ஒன்றை அவர் என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது. ஒரு மணி நேரம் இருந்தாள். ஆஸ்பத்திரி வேலை, ஜெரோமின் புது வேலை, அனிட்டாவுக்கு முன்பல் விழுந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். அது ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அவள் எழுந்து, “அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன்ப்பா” என்றாள்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போனேன். ‘அப்பா உன்னைச் சாப்பிட்டுப் போகச் சொல்றாக’ என்று பல் வரைக்கும் வந்துவிட்டது. எத்தனை வருடப் பழக்கம்! கடித்து விழுங்கினேன்.

“அப்பா ஒண்ணும் சொல்லல சுகந்தி. நான் சொல்றேன். நானும்தான் ஊத்திக்கிட்டேன். அவுக சொல்லி இல்ல. ஊருக்குப் பயந்து ஊத்திக்கிட்டேன். அன்னைக்கு உன்னை உள்ள விடாததும் நான்தான். தப்புடி. என்னை மன்னிச்சிரு.”

அவ்வளவுதான் வந்தது. அவள் ஒரு கால் செருப்போடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் இல்லை. நோயாளியின் வீட்டுக்காரர்களிடம் விவரம் சொல்லும்போது நர்ஸுகள் நிதானமாகப் பேசுவார்கள் அல்லவா, அப்படிப் பேசினாள்.

“அன்னைக்கு இந்த மேசையில நான் நெசமாவே மன்னிச்சுட்டேன்மா. பதினொரு வருசத்துக் கோபமும் அன்னைக்கே கரைஞ்சு போச்சு. ஆனா நான் மன்னிச்ச ஆளு இப்ப இல்லையே. இன்னொரு தடவை எடுத்துக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா.”

அந்த ஆள் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் நின்றுவிட்டேன். அவள் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு, கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனாள்.